முட்டையா, தாயா? பங்குனி ஆமைப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில பருவங்களாகச் சென்னைக் கடற்கரையில் ஆமை நடைக்கு, அதாவது முட்டையிட ஏறும் கடலாமைகளைத் தேடி இரவில் மணலில் நடக்கும் நடைக்கு, போய் வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் முதல் அரைமணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டு பேசாமல் நடப்பார்கள். கால் வலிக்கத் தொடங்கியதும் கேள்விகள் கிளம்பும். அவற்றையும், பகலில் குப்பத்து டீக்கடைகளில் என்னை மடக்கிய சில கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். அதை மறைக்க முயலவில்லை.

பங்குனி ஆமை என்பது எது?

நாளிதழ்களில் ‘ஆலிவ் ரிட்லி’ என்று வருவதுதான். சிற்றாமை என்றும் சொல்வார்கள். தமிழகக் கடலில் பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணி ஆமை ஆகியவையும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் சென்னை, நாகப்பட்டினம் கரைகளில் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் இதுதான். ஓடு இரண்டடிக்குச் சற்று மேல் நீளம், எடை சுமார் 40 கிலோ. பருவம் பெயரிலேயே இருக்கிறது: தை பிறந்ததும் வரத் தொடங்கி, பங்குனி வரை வரும்.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் ‘அழியும் நிலை’க்கு ஒரு படி கீழே, ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியது’ என்ற இடத்தில் இருக்கிறது.

எல்லோரும் ஆமையைக் காப்பாற்றத்தானே விரும்புகிறார்கள்? பிறகு என்ன விவாதம்?

எந்த ஆமையை என்பதுதான் விவாதம். மணலுக்குள் இருக்கும் முட்டையையா, கடலில் நீந்தும் பெரிய ஆமையையா? இரண்டுக்கும் தேவைப்படும் ஆட்கள் வேறு, செலவு வேறு, சம்பாதித்துக்கொள்ளும் பகையும் வேறு. முட்டையைக் காக்க ஒரு கூடையும் இரவில் கண்விழிக்கப் பத்து இளைஞர்களும் போதும். பெரிய ஆமையைக் காக்க விசைப்படகு உரிமையாளரிடம் பேச வேண்டும், மீன்வளத் துறையிடம் பேச வேண்டும், தேர்தல் ஆண்டாக இருந்தால் வேறு பலரிடமும் பேச வேண்டும்.

இது புதிய கவலையும் இல்லை. அகநானூற்றின் 160-ஆம் பாடலில், பெண் ஆமை மணலில் மறைத்துப் புதைத்த முட்டையைக் குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காப்பதாக ஒரு காட்சி வருகிறது. அழகான காட்சி, ஆனால் தவறு. ஆண் கடலாமை கரையேறுவதே இல்லை எனலாம். பெண்ணும் மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் காவல் வேலையைத்தான் இப்போது நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைத்துக் காக்கும் பொரிப்பகத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஈர மணலில் டிராக்டர் டயர் உருண்டதுபோல ஒரு தடம் கடலிலிருந்து மேலேறி, வளைந்து, மறுபடி கடலுக்கே இறங்கும். இரண்டு தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே ஒரு கம்பியை மெதுவாக இறக்கிப் பார்ப்போம். சுற்றிலும் மணல் கெட்டியாக எதிர்க்கும். ஓரிடத்தில் மட்டும் கம்பி சட்டென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அங்கே கையால் தோண்ட வேண்டும். தோள் வரை கை போனபின் விரல் நுனியில் வெதுவெதுப்பாக, ஈரமாக ஒன்று தட்டும். மேசைப்பந்து அளவு இருக்கும். தோல் போன்ற ஓடு, அழுத்தினால் குழியும்.

ஒரு குழியில் நூறு முதல் நூற்றிருபது முட்டைகள். எண்ணிக்கொண்டே துணிப்பையில் அடுக்குவோம். குழியின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்துகொள்வோம், ஏனென்றால் பொரிப்பக வேலிக்குள் அதே ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற அதே குடுவை வடிவில் இன்னொரு குழி தோண்ட வேண்டும். பழைய குழியின் ஈர மணலும் ஒரு பிடி கூடவே போகும். இதெல்லாம் சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டபின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். காலையில் சாவகாசமாகப் போய் எடுக்கலாம் என்பவர்களை நடைக்குச் சேர்க்காததற்குக் காரணம் இதுதான்.

பிறகு 45 முதல் 60 நாள் காத்திருப்பு. நாற்பதைத் தாண்டியதும் குழியின்மேல் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒரு மாலையில் மணல் லேசாக உள்வாங்கும். சற்று நேரத்தில் கூடைக்குள் சரசரப்பு கேட்கும்.

சென்னையில் இந்த வேலை 1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலரால் ஆரம்பிக்கப்பட்டது. 1988 முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு தொடர்ந்து செய்துவருகிறது. வனத்துறையும் பல மாவட்டங்களில் பொரிப்பகங்கள் நடத்துகிறது. 2024 பருவத்தில் தமிழகக் கரையிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் அதிகமான குஞ்சுகள் கடலுக்குப் போயின.

முட்டையை எடுக்காமல் அப்படியே விட்டால் என்ன? இயற்கை பார்த்துக்கொள்ளாதா?

ஆளரவமற்ற கரையில் அதுதான் சரி. எத்தனை கவனமாக எடுத்தாலும் இடம் மாற்றிய முட்டைகளில் ஒரு பங்கு கெடும். மணலின் ஈரம், சூடு, உப்பு எல்லாம் தாய் தேர்ந்த இடத்தில் இருந்ததுபோல வேலிக்குள் இருக்காது. எல்லா முட்டையையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரு பெரிய அலையோ ஒரு பூஞ்சைத் தொற்றோ மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் சொல்லித்தான் ஆய்வாளர்கள் பலர், இடம் மாற்றுவது கடைசி வழியாக மட்டும் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் ஒருநாள் இரவு நடந்து பாருங்கள். எத்தனை நாய்கள், எத்தனை விளக்குகள், எத்தனை சக்கரத் தடங்கள் என்று எண்ணுங்கள். அங்கே இயற்கை என்று எதை நம்பி விடுவது? கடைசி வழி என்ற நிலைமை அந்தக் கரைக்கு வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. நாகப்பட்டினத்தின் சில ஒதுக்குப்புறக் கரைகளுக்கு இதே பதில் பொருந்தாது. வேலி கட்டிக் காவல் போட்டாலே போதுமான இடங்களில்கூட, பொரிப்பகம் திறந்தோம் என்று கணக்குக் காட்டுவதற்காக முட்டையை அள்ளுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆயிரத்தில் ஒரு குஞ்சுதான் பிழைக்கும் என்கிறார்களே?

அது கைக்கணக்கு. கடலுக்குள் போன குஞ்சு அடுத்த பல ஆண்டுகள் எங்கே இருக்கிறது என்று யாரும் பின்தொடர்ந்து எண்ணியதில்லை. ஆனால் ஆயிரத்தில் சில மட்டுமே பெரிதாகும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தக் கைக்கணக்கையே வைத்துக்கொள்வோம். ஓர் ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். வலையில் மாட்டி இறக்கும் ஒவ்வொரு பெரிய ஆமையும், ஆயிரம் குஞ்சுகளில் பிழைத்த அந்த ஒன்று. அதை ஈடுகட்ட ஆயிரம் குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்பிவிட்டுப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆயிரம் குஞ்சு என்றால் பத்து, பன்னிரண்டு குழிகள். ஒரு தன்னார்வலர் குழு பல இரவுகள் கண்விழித்தால் கிடைக்கும் எண்ணிக்கை அது. ஒரு விசைப்படகு ஒரே இழுவையில் அதை அழித்துவிட முடியும்.

2025 ஜனவரியில் என்ன நடந்தது?

சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டுக் கரைகளில் சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஒவ்வோர் ஆண்டும் சில நூறு ஒதுங்குவது வழக்கம்தான். அந்த ஆண்டு போன்ற நெருக்கத்தை யாரும் பார்த்ததில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

இறந்த ஆமையை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்கள் பிதுங்கியிருக்கும், கழுத்து வீங்கியிருக்கும், ஓட்டில் பெரும்பாலும் காயம் இருக்காது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. வலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கித்தான் சாகும். உடற்கூறு ஆய்வுகளும் மூச்சுத்திணறலையே காட்டின. எண்ணிய ஆமையை மறுபடி எண்ணாமலிருக்க ஓட்டின்மேல் சாயம் பூசி அடையாளம் இடுவோம். அந்த மாதம் சாய டப்பா தீர்ந்து, இன்னொன்று வாங்கி, அதுவும் தீர்ந்தது.

மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஆயிரம் பெரிய ஆமைகளுக்கு ஈடு பத்து லட்சம் குஞ்சுகள். ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்றால் தமிழகத்தின் எல்லாப் பொரிப்பகங்களும் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் உழைத்த உழைப்பு. கரை ஒதுங்காமல் கடலிலேயே மறைந்தவை இதில் சேரவில்லை.

அப்படியென்றால் பொரிப்பகம் வீண் வேலையா?

இதை விஞ்ஞானிகளே பல ஆண்டுகள் மோதித் தீர்த்திருக்கிறார்கள். 1987-இல் டெபோரா குரூஸும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைப் பெருந்தலை ஆமைகளை வைத்து ஒரு கணித மாதிரி செய்தார்கள். வந்த விடை பலருக்குக் கசந்தது. முட்டை ஒன்றுகூடச் சேதமாகாமல் காப்பாற்றினாலும் அந்த இனம் சரிந்துகொண்டேதான் போகும். ஓரளவு வளர்ந்த ஆமைகள் கடலில் சாவதைக் குறைத்தால் சரிவு நிற்கும். அதுவரை கடற்கரைக் காவலே பாதுகாப்பு என்று இருந்த நினைப்பு அந்தக் கட்டுரையோடு ஆட்டம் கண்டது. 1992-இல் நாட் ஃப்ரேசர் என்பவர் ஒரு படி மேலே போய், பொரிப்பகம் போன்றவற்றை மருத்துவத் துறையிலிருந்து கடன் வாங்கிய சொல்லால் ‘பாதிவழித் தொழில்நுட்பம்’ என்றார். நோயின் மூலத்தை விட்டுவிட்டு அறிகுறிக்கு வைத்தியம் பார்ப்பது என்று பொருள்.

ஆனால் மெக்சிகோவின் கதையையும் சொல்ல வேண்டும். நம் பங்குனி ஆமையின் ஒன்றுவிட்ட சகோதரி போன்ற கெம்ப் ரிட்லி, உலகில் அநேகமாக ஒரே கரையில், ராஞ்சோ நுவேவோவில், கூட்டமாக முட்டையிடும். 1947-இல் ஒரு பொறியாளர் எடுத்த படச்சுருளை வைத்து அன்று ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் ஏறியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 1985 பருவம் முழுவதும் எண்ணியபோது கிடைத்தவை 702 குழிகள். இத்தனைக்கும் 1966 முதலே கரையில் காவலும் பொரிப்பகமும் இருந்தன. பின்னர் இறால் வலைகளில், மாட்டிய ஆமை வெளியேற வழிவிடும் ‘ஆமை விலக்கி’ என்ற சட்டம் கட்டாயமாயிற்று. 1990-இல் மெக்சிகோ ஆமைப் பிடிப்பை அடியோடு தடை செய்தது. 2009-இல் குழிகளின் எண்ணிக்கை இருபதாயிரத்தை ஒட்டி வந்தது.

இரு தரப்பும் இதே கதையைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்குத் தெரிவது இதுதான்: கரையில் காத்த முட்டைகள்தான் பின்னால் பெரிய ஆமைகளாக வந்தன, அவை வந்து சேர்ந்தது வலையில் வழி திறந்த பிறகுதான். முதலாவதை மட்டும் செய்தபோது எண்ணிக்கை விழுந்துகொண்டே இருந்தது. நாம் இப்போது அந்த முதல் கட்டத்தில்தான் நிற்கிறோம்.

சட்டம் எதுவும் இல்லையா?

தாராளமாக இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆமைகள் கூடும் பகுதிகளில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், விசைப்படகு இழுவை மடி, அதாவது படகு பின்னால் இழுத்துச் செல்லும் பை போன்ற வலை, போடக்கூடாது. இரவில் கரையில் நின்று பார்த்தால் விளக்குகள் எவ்வளவு பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன என்று தெரியும். தூரத்தை அளக்கக் கருவி தேவையில்லை, எஞ்சின் சத்தமே கேட்கும்.

இதோடு சேர்த்து ஒரு வேடிக்கை. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கத்தை மனத்தில் வைத்து வகுத்தது. அதற்குள் பங்குனி ஆமை முட்டையிட்டு முடித்துக் கிளம்பியிருக்கும். படகுகளெல்லாம் கட்டிக் கிடக்கும் நாட்களில் தாய் ஆமைகள் இங்கே இல்லை. அவை இருக்கும் நாட்களில் எல்லாப் படகும் கடலில்.

ஆமை விலக்கி என்கிறீர்களே, அது என்ன? மீனவர்கள் ஏன் அதைப் போடுவதில்லை?

இழுவை மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம். இறாலும் சிறு மீனும் கம்பி இடுக்கில் புகுந்து மடியின் அடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, சரிவில் வழுக்கி, மேலோ கீழோ இருக்கும் வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். ‘டெட்’ என்றே சுருக்கமாக அழைக்கிறார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற வடிவம் ஒன்றைச் செய்திருக்கிறது.

போடாததற்குச் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் காசிமேட்டில் ஒரு காலை நேரம் படகு இறக்குவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தக் கருவி பிறந்தது இறாலை மட்டும் தேடிப் போகும் அமெரிக்கப் படகுகளுக்கு. அங்கே பெரிய மீன் வெளியே போனாலும் முதலாளிக்குக் கவலையில்லை. நம் இழுவைப் படகில் இறாலும் வரும், கணவாயும் வரும், திருக்கையும் வரும், வஞ்சிரம் மாட்டினால் அன்றைய டீசல் காசு அதிலேயே வந்துவிடும். ஆமை போகும் கதவு வழியாகப் பெரிய திருக்கையும் போகும். பிளாஸ்டிக் குப்பை கம்பியை அடைத்துக்கொண்டால் கதவு திறந்தே நின்று மடி முழுக்கக் காலியாகும். கட்டாயப்படுத்திய இடங்களில் சோதனைக்கு வரும்வரை கதவைத் தைத்து வைத்துவிடுவதும் நடக்கும்.

அமெரிக்க மீனவர்களும் ஒன்றும் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளவில்லை. 1989-இல் டெக்சாஸ், லூசியானா இறால் மீனவர்கள் படகுகளைக் குறுக்கே நிறுத்தித் துறைமுக வாய்களையே மறித்தார்கள். ஆகவே நம் மீனவர்களுக்கு மட்டும் ஏதோ விழிப்புணர்வு போதவில்லை என்று பேசுவதை நிறுத்தினால் நல்லது. இழப்பு எவ்வளவு என்று அவர்கள் படகிலேயே அளந்து, அதை யார் தருவார்கள் என்று சொன்னால் பேச்சு நகரும்.

அமெரிக்கா நம் இறாலைத் தடை செய்தது இதற்காகத்தானா?

ஆம். ஆமை விலக்கி இல்லாத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லை என்று 1989-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு சுவையானது: ஆமையைக் காக்க இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது நியாயமே, ஆனால் கரீபிய நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்துவிட்டு ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் கொடுத்தது பாரபட்சம். அமெரிக்கா நடைமுறையை மாற்றிக்கொண்டது, தடை தொடர்ந்தது. 2019 முதல் இந்தியாவின் கடல் இறாலுக்கு அங்கே கதவு மூடியிருக்கிறது. பண்ணை இறாலுக்கு இது பொருந்தாது.

வெளியிலிருந்து வரும் இந்த நெருக்கடி சரியா என்பதில் என் மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. நம் சட்டம் முப்பது ஆண்டுகளாகச் செய்யாததை ஏற்றுமதிக் கணக்கு செய்ய வைக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு இறால் ஏற்றுமதியாளரைத் தொடும் அளவுக்கு, உள்ளூர்ச் சந்தைக்கு மீன் பிடிக்கும் படகைத் தொடாது. சென்னைக் கடலில் ஆமையைக் கொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது படகு.

மீனவர்கள்தான் எதிரிகள் என்கிறீர்களா?

இல்லை. எந்த மீனவரும் ஆமையைத் தேடிப் போய் வலை போடுவதில்லை. ஆமை மாட்டினால் வலை கிழியும், நேரம் போகும். கரையோர நாட்டுப்படகுக்காரர்களுக்கோ விசைப்படகு மீதான கோபம் நம்மைவிட அதிகம், ஏனென்றால் அதே ஐந்து மைலுக்குள் அவர்கள் வலையையும் இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகிறது. இந்த இடத்தில் ஆமையின் நலனும் ஃபைபர் படகுக்காரரின் நலனும் ஒன்று. பாதுகாப்பு அமைப்புகள் இந்தக் கூட்டணியை இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் நெடுநாள் குறை. ஆனால் அவர்களின் திருக்கை வலையிலும் ஆமை மாட்டி இறக்கிறது. அதையும் மூடி மறைக்கக்கூடாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வலையில் அசைவற்று வரும் ஆமை செத்திருக்க வேண்டியதில்லை; மயங்கியிருக்கலாம். அப்படியே கடலில் தள்ளினால் நிச்சயம் மூழ்கும். வயிறு கீழே இருக்கும்படி படகில் கிடத்தி, பின்பக்கத்தைச் சுமார் அரையடி உயர்த்தி வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தினால் நுரையீரலில் புகுந்த நீர் வடியும். சில மணி நேரத்தில் எழுந்துவிடலாம், ஒரு நாள் வரைகூட ஆகலாம். ஒரு சாக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும். படகில் இடமும் நேரமும் இல்லை என்பதுதான் தடை.

ஒடிசாவில் லட்சக்கணக்கில் வருகின்றனவே? பிறகென்ன அழியும் இனம்?

2025 பிப்ரவரியில் ருஷிகுல்யா ஆற்று முகத்தில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கிட்டார்கள். சென்னையில் சாவும் ஒடிசாவில் திருவிழாவும் சில வார இடைவெளியில் நடந்தன. இரண்டும் உண்மை.

ஒடிசா இதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். 1997-இல் கஹிர்மாதா கடல் சரணாலயமாயிற்று. தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆற்று முகங்களில் நவம்பர் 1 முதல் மே 31 வரை, ஏழு மாதங்கள், 20 கிலோமீட்டருக்குள் மீன்பிடிக்கத் தடை. ஆமை பெருகியது; பல மீனவக் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. நிவாரணம் தருகிறார்கள், போதவில்லை என்கிறார்கள் வாங்குபவர்கள். அதே மாதிரியைத் தமிழகத்துக்கு அப்படியே கொண்டுவரச் சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

மேலும், எல்லாவற்றையும் ஒரு சில கரைகளில் குவித்துவைப்பது ஆபத்து. அரிப்பு வந்து மணல்திட்டு கரைந்தால் அந்த ஆண்டு கூட்டமே வராது; கஹிர்மாதாவில் அப்படிப்பட்ட ஆண்டுகள் இருந்திருக்கின்றன. தனித்தனியாக ஏறும் சென்னை, நாகை ஆமைகள் ஒருவகைக் காப்பீடு. இவை ஓரிடத்தோடு கட்டுண்டவையும் அல்ல. 2021-இல் ஒடிசாவில் அடையாளத் தகடு மாட்டப்பட்ட ஓர் ஆமை, 2025 ஜனவரியில் மேற்குக் கரையில், மகாராஷ்டிரத்தின் குஹாகரில் முட்டையிட ஏறியது.

முட்டையை விற்க அனுமதித்தால் மக்களே காப்பாற்ற மாட்டார்களா?

சிரிக்க வேண்டாம், இது நடைமுறையில் உள்ள ஒன்று. கோஸ்டா ரிகாவின் ஒஸ்தியோனாலில் 1987 முதல் ஊர் மக்கள் சட்டப்படி முட்டை எடுக்கிறார்கள். கூட்டமாக ஏறும் முதல் ஓரிரு நாட்களில் இடப்படும் முட்டைகளைப் பின்னால் வரும் ஆமைகளே தோண்டிச் சிதைத்துவிடும். எப்படியும் அழியப் போவதை எடுத்து விற்று, அந்தப் பணத்தில் ஊரே கரையைக் காவல் காக்கிறது. திருட்டு முட்டை விலையும் விழுகிறது.

நம்மிடம் இது எடுபடாது. சென்னையில் ஆமை தனித்தனியாக ஏறுவதால் ‘எப்படியும் அழியும்’ முட்டை என்று ஒன்று இல்லை. விற்கும் முட்டை எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் வழி கிடையாது. நான் ஏற்றுக்கொள்ளும் பாதி இது: ஊருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் வேளாஸ் கிராமத்தில் குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்க வருபவர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போட்டு மக்கள் சம்பாதிக்கிறார்கள். அது நமக்கு நெருக்கமான வழி.

குழந்தைகளைக் குஞ்சு விடும் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள். ஆனால் குஞ்சைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கக் கேட்காதீர்கள். மணலில் ஊர்ந்துதான் அது கடலுக்குள் போக வேண்டும். வெளிவந்த முதல் சில மணி நேரத்தில் அதற்கு ஒரு வெறி இருக்கும். கைகால்களை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே கரையை விட்டு விலகும் வெறி. முக்கிய விருந்தினர் வரும்வரை தொட்டியில் போட்டு வைத்தால் அந்தச் சக்தி தொட்டிச் சுவரில் மோதியே தீர்ந்துவிடும். இலங்கையின் தென்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் குஞ்சுகளை நாட்கணக்கில் தொட்டியில் வைத்திருக்கும் சில பொரிப்பகங்கள் மீது இதே குற்றச்சாட்டு உண்டு. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விட்டாலும் மீன்கள் பழகிக்கொண்டு வாயைத் திறந்து காத்திருக்கும்.

வெயில் கூடினால் எல்லாம் பெண் ஆமையாகிவிடுமாமே?

ஏறத்தாழ 30 டிகிரியை ஒட்டிய ஒரு வெப்பநிலைக்கு மேலே போனால் பெண் அதிகம், கீழே ஆண் அதிகம். இன்னும் சூடானால் முட்டையே வெந்துவிடும். பங்குனி வெயிலில் பொரிப்பகத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டுவது அதனால்தான். எவ்வளவு நிழல் என்பது இன்னொரு சண்டை.

எல்லாப் பணமும் உங்கள் கையில் இருந்தால் எதற்குச் செலவழிப்பீர்கள்?

பெரும்பங்கு, ஜனவரி முதல் மார்ச் வரை கடலுக்குள் ரோந்து போகும் படகின் டீசலுக்கு. விசைப்படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. அந்தத் திரையை யாராவது இரவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எல்லை தாண்டிய படகுக்கு மறுநாளே அபராதச் சீட்டு போக வேண்டும். அடுத்த பங்கு, 61 நாள் தடையில் ஒரு பகுதியை ஆமைப் பருவத்துக்கு மாற்றலாமா என்று படகு உரிமையாளர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசவும், அதற்கான இழப்பீட்டுக்கும். மூன்றாவது, கடற்கரைச் சாலை விளக்குகளை அந்த மூன்று மாதம் இரவில் அணைக்கவோ கரைப்பக்கம் தெரியாமல் மறைக்கவோ. குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும். கடலைவிடச் சாலை வெளிச்சமாக இருந்தால் சாலைக்கு.

பொரிப்பகத்துக்கு இப்போது கிடைப்பதே போதும். அதை மூடச் சொல்ல மாட்டேன். ஒரு மீனவ இளைஞன் பருவத்துக்குச் சம்பளம் வாங்குவதும், ஒரு கல்லூரி மாணவி முதல்முறையாகத் தோள் வரை மணலுக்குள் கைவிட்டுப் பார்ப்பதும் அங்கேதான். அடுத்த ரோந்துப் படகைக் கேட்டு மனு எழுதுவதும் அவர்கள்தான்.

ஆமை நடைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் நடக்கிறது. வெறுங்காலோடு ஆறேழு கிலோமீட்டர் மணலில் நடக்க முடிய வேண்டும். அடர்நிற உடை, தண்ணீர் பாட்டில். டார்ச் வேண்டாம், கைபேசி விளக்கும் வேண்டாம். ஆமை தென்பட்டால் குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும்வரை அசையாமல் உட்கார வேண்டும். இடையில் அதிர்ந்தால் திரும்பிப் போய்விடும். ஆமையைப் பார்ப்பீர்கள் என்று உறுதி தர முடியாது. போன பருவத்தில் என்னோடு நான்கு இரவு நடந்த ஒருவர் உயிருள்ள ஆமை ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இறந்தவை பதினொன்றுக்குச் சாயம் பூசினார். இந்த ஆண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.